மீதி

பதினான்காம் எலி ராத்திரி முழுக்கப் போகவில்லை.
கூண்டுக்கடியில் விரித்த வடிதாளைக்
கருநீல விளக்கில் பிடித்துப் பார்த்தேன்.
மற்றவை எல்லாம் மினுங்கின.
மருந்தில்லா எலிகளின் தாளில்
மூலையில் மூன்று பெரிய வட்டம்.
அமிலம் ஏற்றியவற்றில்
பொரிகடலை சிந்தியதுபோல் நூறு பொட்டு.
பதினான்கின் தாள் மட்டும்
இஸ்திரி போட்ட வேட்டி.

சேவுகன் எலியைத் தூக்கி வந்தார்.
'புள்ளத்தாச்சி மாதிரி உப்பிப் போச்சு பாருங்க' என்றார்.
அது ஆண் எலி.
சிரிப்பு வரவில்லை இருவருக்கும்.

கிலோவுக்குப் பத்து மில்லிகிராம்.
நான்தான் கரைத்தேன், நான்தான் கொடுத்தேன்.
சின்ன அளவில் இந்த மருந்து நல்ல பிள்ளை:
பையின் துடிப்பு தணியும்,
திரையில் கோடு தாழும்,
நீர் நிற்கும் நேரம் கொஞ்சம் நீளும், சிலவற்றில் நீளாது.
அளவு ஏற ஏறப்
பிழியும் பலமே போய்விடுகிறது.
கசிவு நின்றது என்று நாம் மகிழ்கிற இடத்தில்
உள்ளே தேங்கிக்கொண்டிருக்கிறது.

ஆய்வுச் சுருக்கம் தமிழிலும் வேண்டுமாம்,
உமையாள் மேடம் ரெண்டு தடவை நினைவூட்டிவிட்டார்.
பிழியும் தசைக்கு ஒரு சொல், இறுக்கும் தசைக்கு ஒரு சொல்.
ராத்திரி தேடினேன். அகராதி கைவிட்டது.
காலையில் கோட்டையூர் தாண்டும்போது
பஸ் ஜன்னலில் ஊருணி ஒன்று வந்து போனது.
மடை, கலுங்கு, வரத்துக்கால்.
மழை வந்தால் எதைத் திறப்பது, எதை அடைப்பது
என்று கட்டியவனுக்குத் தெரிந்திருக்கிறது.
கலுங்கை ஒரு முழம் உயர்த்தினால் தண்ணீர் கூடத்தான் நிற்கும்,
கரை தாங்குமா என்பது வேறு கேள்வி.
'எஞ்சிய நீர்' என்று எழுதியிருந்ததை
'மீதி' என்று மாற்றினேன்.
மேடம் ஒத்துக்கொள்ள மாட்டார்.

அடிவயிற்றில் இரு விரல் வைத்து
மெல்ல, ரொம்ப மெல்ல அழுத்தினேன்.
சேவுகன் அதன் தலையைப் பிடித்துக்கொண்டு
யாரிடமோ பேசுவதுபோல்,
'போயிருடா, போயிரு, யாரும் பாக்கல' என்றார்.
ஒரு நிமிடம் ஒன்றுமில்லை.
பிறகு சூடாக, என் கையுறை வழியே.
குழாயில் பிடித்து அளந்தேன்: இரண்டரை மில்லி.
அதன் பை தாங்குவது அதில் பாதிகூட இல்லை.

இதை யாரிடமும் சொன்னதில்லை:
என் கைப்பையில் இருக்கும் அட்டையிலும்
இதே பெயர்தான்.
சின்னவள் பிறந்த பிறகு
தும்மினால், மாடி ஏறினால்,
சாவியைக் கதவில் நுழைத்தால்
தெறிக்கும் துளிகளுக்கு.
எலி இருநூற்றிருபது கிராம், நான் அறுபத்தொன்று கிலோ.
கணக்கு எனக்குத் தெரியும்:
என் மாத்திரை அந்த எலியின் அளவுக்கு அருகில்கூட இல்லை.
கணக்கு தெரிந்தும்
வாய் உலர்ந்து நாக்கு அண்ணத்தில் ஒட்டுகிறது,
அங்கே எலிகளும் இப்படித்தான்
தண்ணீர்க் குழாயை நக்கியபடி நிற்கின்றன.
நானோ குடிப்பதில்லை.
புதுவயலில் ஏறினால் கல்லூரி வரை ரெண்டு பஸ்.
ஸ்டாண்டில் கட்டணம் அஞ்சு ரூபாய்,
கதவில் தாழ்ப்பாள் இல்லை.

டாக்டர் ஒரு தாள் தந்திருந்தார்.
எத்தனை மணிக்குப் போனீர்கள், எவ்வளவு, கசிந்ததா:
மூன்று நாளுக்குக் கட்டம் போட்ட தாள்.
பத்து நாளாய் வெள்ளையாகவே இருக்கிறது.
அளந்து எழுதுவதே என் வேலை.
முப்பத்தாறு எலிகளுக்கு
ஒரு கட்டம் விடாமல் நிரப்பியிருக்கிறேன்.

பதினான்கு இப்போது
மூலையில் சுருண்டு தூங்குகிறது.
நோட்டில் அதன் வரிக்கு நேரே
மருந்து நிறுத்தம் என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
பிறகு கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து
எலி நோட்டின் மேலேயே வைத்து,
முதல் கட்டத்தில்:
காலை 9.40.
அளவு: தெரியவில்லை.
கசிந்ததா: ஆம், பஸ்ஸில், கோட்டையூர் வளைவில்.

சேவுகன் கூண்டு கழுவப் போனார்.
தண்ணீர்ச் சத்தம் கேட்டது.
எனக்கு மறுபடி
போக வேண்டும்போல் இருந்தது.